ஜனவரி 31-க்கு அடுத்த மாதம் எந்தத் தேதி?

ஜனவரி 31 அன்று கடன் கொடுத்தாயிற்று. மாதாமாதம் தவணை. அப்படியானால் முதல் தவணை என்றைக்கு? பிப்ரவரி 31 என்றொரு நாளே கிடையாதே!

ஏன் இந்தச் சிக்கல்? வாரம் என்றால் எப்போதும் 7 நாள். மாதமோ 28 முதல் 31 நாள் வரை மாறும். ஆகவே ‘ஒரு மாதம் கூட்டு’ என்பது வெறும் கூட்டல் அல்ல. அதற்கு ஒரு விதி வேண்டும்.

அந்த விதி மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகிறது. 2025 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால், எக்செலின் ‘ஈடேட்’ சார்பு பிப்ரவரி 28 என்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் மாத எண்ணை மட்டும் கூட்டினால், இல்லாத 3 நாட்கள் வழிந்து மார்ச் 3 வருகிறது. அந்த பிப்ரவரி 28-உடன் இன்னொரு மாதம் கூட்டினால் ‘ஈடேட்’ தருவது மார்ச் 28. ஆரக்கிள் தரவுத்தளமோ, மாதக் கடைசிக்கு மாதக் கடைசி என்று மார்ச் 31 தருகிறது.

‘ஈடேட்’ போன்ற விதியில் கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்றும் உண்டு. முந்தைய தவணைத் தேதியிலிருந்தே அடுத்ததைக் கணக்கிட்டால், 31-ஆம் தேதி பிப்ரவரியில் 28 ஆகி, பிறகு 28-லேயே தங்கிவிடும்.

எப்படித் தப்பிப்பது? தொடக்கத் தேதியைத் தொடாமல் வைத்துக்கொண்டு, அதிலிருந்தே 1, 2, 3 மாதம் என்று கூட்ட வேண்டும். அப்போது பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30 என்று ஒழுங்காக வரும். எந்த விதி என்பதை நிரல் எழுதுமுன் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது இன்னும் நல்லது.