கடைசிக் கார் போன பிறகு

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு என்றால் மலாக்காவின் செர்காம், ஜாசின் வட்டாரத்து வீடுகளில் மூன்று மொழி புழங்கும். வாசலில் மலாய் அண்டைவீட்டாருக்கு 'ஜெம்புட் மாசோக்', கூடாரத்தில் சீன நண்பரோடு கொஞ்சம் ஆங்கிலம், அடுப்படியில் அத்தையிடம் தமிழ். காலையில் சிரிக்கத் தொடங்கிய முகம் இரவுவரை வாடக்கூடாது. கடைசிக் கார் போனதும் மிஞ்சிய ரெண்டாங்கை எடுத்துவைக்கக்கூடத் தெம்பிருக்காது. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பேசியவருக்கும் இதே கதிதான்.

காரணம், கேட்பதே ஒரு வேலை. ஒலிபெருக்கிப் பாட்டுக்கும் பிள்ளைகளின் கூச்சலுக்கும் நடுவே ஒரே ஒரு குரலை மூளை பிரித்தெடுக்க வேண்டும். இந்தத் திறமையை ஆய்வாளர் கோலின் செர்ரி 1953இல் சோதித்துப் பார்த்தார். சத்தம் கூடினால் நாம் அறியாமலே நம் குரலும் உயரும் என்று பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் 1911இலேயே சொல்லிவிட்டார். மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டால் பழியை முறுக்கின்மேல் மட்டும் போடாதீர்கள்.

பின்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவு இன்னும் சுவையானது. மாணவர்கள் தங்கள் மனநிலையை ஒரு நாளில் பலமுறை பதிவு செய்தார்கள். கலகலப்பாகப் பழகிய நேரத்தில் உற்சாகம். சுமார் மூன்று மணி நேரம் கழித்துக் களைப்பு. கூச்ச சுபாவிகளுக்கு மட்டுமல்ல, கூட்டத்தை விரும்புகிறவர்களுக்கும் இதேதான்.

மூளை நம் எடையில் சுமார் 2 சதவீதம். உடல் செலவிடும் சக்தியிலோ ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் 'சக்தி தீர்ந்துவிட்டது' என்பது முழு விளக்கமில்லை. கடுமையாக யோசிக்கும்போதுகூட இந்தச் செலவு சிறிதளவே கூடும். நாள் முழுக்கக் கடின மூளை வேலை செய்தவர்களின் முன்மூளையில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் சேர்வதைப் பாரிஸ் குழு ஒன்று 2022இல் கண்டது. விருந்துக் களைப்பை அவர்கள் சோதிக்கவில்லை என்றாலும், தேடவேண்டிய திசை அதுவாக இருக்கலாம்.

இந்த நேரத்தில் கோப்பி கைகொடுக்குமா? தூக்கத்தைத் தூண்டும் அடினோசினின் வேலையைக் காஃபின் தடுத்துவைக்கும்; களைப்பைத் தீர்க்காது. மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் ஏறக்குறைய பாதி, இரவு பதினொன்றுக்கும் உடலில் இருக்கும். அரை மணி நேரம் பேச்சில்லாமல் சாய்ந்திருப்பதும், அன்றிரவு நன்றாகத் தூங்குவதும் மேல்.

அடுத்த தீபாவளிக்கு உங்கள் பிள்ளை விருந்துக்கு நடுவே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், தலைக்கனம் என்று திட்டாதீர்கள். கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள்.