கையளிக்க மறுத்த கடிதங்கள்: லைனஸ் பாலிங்கின் அன்றாடக் கடிதப் போக்குவரத்தும் அரசியல் விசாரணையும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் (1901–1994) அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்தமையால் 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் அரசியல் விசாரணைகளுக்கு உள்ளானார். அவருடைய அமைதிப்பணி, அறிவியலாளர் என்ற நிலையில் அவர் கைக்கொண்டிருந்த கடிதப் பழக்கத்திலிருந்தே வளர்ந்தது என்பதையும், விசாரணைக் குழு இறுதியில் கேட்டது அக்கடிதங்களையே என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கருச்சொற்கள்: லைனஸ் பாலிங், கடித ஆவணங்கள், கடவுச்சீட்டு மறுப்பு, அணுகுண்டுச் சோதனை எதிர்ப்பு, செனட் துணைக்குழு

முன்னுரை

அறிஞர்களின் கடிதங்களைப் பதிப்பிப்போர் அவற்றைப் பொருள்வாரியாகப் பகுப்பது வழக்கம். அறிவியல் கடிதங்கள் ஒரு தொகுதியாகும். அரசியல் கடிதங்கள் மற்றொன்றாகும். குடும்பக் கடிதங்கள் பின்னிணைப்பாகும். தேடுவோருக்கு இப்பகுப்பு உதவும். ஆயினும், எழுதியவர் ஒரே நாளில் ஒரே மேசையில் அமர்ந்து இம்மூன்றையும் எழுதினார் என்பதை அது மறைத்துவிடுகிறது. பாலிங்கைப் பொறுத்தவரை இம்மறைப்பு பெரிய இழப்பாகும். தமக்கு வந்த கடிதங்களோடு தாம் அனுப்பியவற்றின் கார்பன் படிகளையும் அவர் பேணிவைத்தார். அவருடைய ஆவணங்களும் மனைவி ஆவா ஹெலனின் ஆவணங்களும் ஒரே தொகுப்பாக 1986இல் ஆரகன் மாநிலப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கப்பட்டன. பாலிங்கின் 46 ஆய்வுக் குறிப்பேடுகளும் அங்கு உள்ளன. இத்தகைய தொகுப்பை நாள்வரிசையில் அணுகும்போதுதான், புரதத்தின் அமைப்பும் கதிரியக்கத் தூசும் கடவுச்சீட்டு விண்ணப்பமும் ஒரே வாழ்வின் ஒரே வாரத்திற்குள் அடங்கியிருந்தமை புலப்படும்.

கடவுச்சீட்டும் கடிதமும்

1951ஆம் ஆண்டு பாலிங்கும் ராபர்ட் கோரியும் ஆல்ஃபா சுருள் உள்ளிட்ட புரத அமைப்புகளை அறிவித்தனர். அவற்றை விவாதிக்க இலண்டன் ராயல் கழகம் 1952 மே மாதம் கூட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தது. அதற்குச் செல்ல விண்ணப்பித்த பாலிங்குக்கு, வெளியுறவுத் துறையின் கடவுச்சீட்டுப் பிரிவுத் தலைவர் ரூத் ஷிப்லி பிப்ரவரியில் மறுப்புக் கடிதம் அனுப்பினார். அப்பயணம் அமெரிக்காவின் நலனுக்கு உகந்ததன்று என்பதே அதில் கூறப்பட்ட காரணமாகும். பாலிங் அம்மாத இறுதியிலேயே குடியரசுத் தலைவர் ட்ரூமனுக்கு நேரடியாக எழுதினார். பயன் இல்லை. அவருக்கு மாற்றாகக் கோரி இலண்டன் சென்றார். அறிவியலாளர்களின் கண்டனம் வலுத்த பின்னரே, கோடையில் வரையறுக்கப்பட்ட கடவுச்சீட்டு கிடைத்தது.

இம்மறுப்பால்தான் பாலிங் டி.என்.ஏ. அமைப்பைக் கண்டறியும் வாய்ப்பை இழந்தார் என்ற கருத்து பரவலாக உண்டு. நாள்வரிசை இதற்கு இடம் தரவில்லை. அதே கோடையில் இங்கிலாந்து சென்ற அவர், ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் பணியாற்றிய கிங்ஸ் கல்லூரிக்குச் செல்லவில்லை. டி.என்.ஏ. குறித்த தம் முயற்சியைக் கேம்பிரிட்ஜில் பயின்ற மகன் பீட்டருக்குக் கடிதத்தில் அவரே தெரிவித்தார். பீட்டர் வழியாக அச்செய்தி வாட்சனுக்கும் கிரிக்குக்கும் எட்டியது. 1953 தொடக்கத்தில் வெளிவந்த அவருடைய மூவிழை அமைப்பு பிழையானது. அரசின் மீது சுமத்துவதற்குக் குற்றங்கள் பல இருக்க, இதனையும் சேர்க்க வேண்டியதில்லை.

மற்றொரு முரணும் இங்குக் கருதத்தக்கது. அமெரிக்காவில் பொதுவுடைமைச் சார்பாளர் என ஐயுறப்பட்ட அதே 1951இல், சோவியத் நாட்டு வேதியியலாளர்கள் பாலிங்கின் உடனிசைவுக் கோட்பாட்டை முதலாளியச் சார்புடைய கருத்துமுதல்வாதம் எனக் கண்டித்தனர். இரு முகாம்களும் ஒருவரையே மறுத்த காலம் அது. பின்னர் இந்தியப் பயணத்திற்கான அனுமதியும் அவருக்கு மறுக்கப்பட்டது. 1954 நவம்பரில் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட பிறகே தடை நீங்கியது. பரிசு பெற்றபின் அவர் இந்தியாவுக்கும் வந்தார்.

கையெழுத்து இயக்கம்

1957 மே 15 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் பாலிங் ஆற்றிய உரையைத் தொடர்ந்து, பேரி காமனர், எட்வர்ட் காண்டன் ஆகியோருடன் கலந்து ஒரு விண்ணப்பம் உருவாக்கப்பட்டது. அணுகுண்டுச் சோதனைகளைப் பன்னாட்டு உடன்படிக்கையின் வழி நிறுத்தவேண்டும் என்பது அதன் கோரிக்கை. சில வாரங்களிலேயே இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட அமெரிக்க அறிவியலாளர்கள் அதில் கையெழுத்திட்டனர். ஜூன் மாதத்தில் குடியரசுத் தலைவர் ஐசனோவர், இது ஏறத்தாழ ஓர் ஒழுங்கமைக்கப்பட்ட முயற்சியாகத் தோன்றுகிறது என்னும் பொருள்படச் செய்தியாளர்களிடம் குறிப்பிட்டார்.

ஒழுங்கமைப்பு இருந்தது உண்மையே. ஆனால் அது கட்சியின் ஒழுங்கமைப்பன்று. ஓர் ஆய்வாளரின் முகவரிப் பட்டியலே ஆகும். முப்பதாண்டு ஆய்வுப் பணியில் படிகங்களின் அளவீட்டையும் மூலக்கூறுப் பிணைப்பையும் பற்றிப் பல நாட்டு அறிஞர்களோடு பாலிங் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். அவ்வழியிலேயே இப்போது விண்ணப்பம் சென்றது. பாலிங்கும் ஆவா ஹெலனும் உதவியாளர் சிலருடன் படிகளை உறையிலிட்டு அனுப்பினர். பெற்றவர்கள் தம் ஆய்வுக்கூடத்திலும் துறையிலும் கையெழுத்துப் பெற்று, பெரும்பாலும் ஒரு குறிப்புக் கடிதத்துடன் திருப்பி அனுப்பினர். 1958 சனவரியில் ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலர் டாக் ஹாமர்ஷீல்டிடம் விண்ணப்பம் அளிக்கப்பட்டபோது கையெழுத்துகள் 9,235 ஆகியிருந்தன. பின்னர் அவை பதினோராயிரத்தைக் கடந்தன.

அதே ஆண்டில் எட்வர்ட் டெல்லருடன் தொலைக்காட்சி விவாதமும், சோதனைகளால் உருவாகும் கார்பன்–14 மரபணுவில் ஏற்படுத்தும் தீங்கு குறித்த ஆய்வுக் கட்டுரையும் நிகழ்ந்தன. பல்லாயிரம் ஆண்டுகள் நீடிக்கும் கதிர்வீச்சின் விளைவைக் கணக்கிட்ட கையே அஞ்சல் உறைகளையும் ஒட்டியது என்பதை நினைவிற்கொண்டால், அறிவியலும் அமைதிப்பணியும் அவருக்கு வெவ்வேறாக இல்லாமை விளங்கும். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் இருபதாண்டுகளுக்கும் மேலாக வகித்த வேதியியல் பிரிவுத் தலைமைப் பொறுப்பிலிருந்தும் அவ்வாண்டே அவர் விலகநேர்ந்தது.

துணைக்குழு கேட்டதும் பாலிங் மறுத்ததும்

1960 சூன் 21 அன்று செனட் உள்நாட்டுப் பாதுகாப்புத் துணைக்குழு பாலிங்கை அழைப்பாணை அனுப்பி விசாரித்தது. செனட்டர் தாமஸ் டாட் தலைமை தாங்கினார். இவ்வளவு கையெழுத்துகளைத் தனியொருவர் திரட்டியிருக்க இயலுமா, பின்னணியில் பொதுவுடைமை இயக்கம் இல்லையா என்பதே குழுவின் வினா. இவ்வினாவிலேயே அறிவியல் உலகின் கடிதப் பழக்கத்தைப் பற்றிய அறியாமை வெளிப்படுகிறது எனலாம்.

குழு எதைக் கேட்டது என்பதைக் கவனமாகப் பிரித்தறிய வேண்டும். கையெழுத்திட்டோர் யார் என்பது மறைபொருளன்று; ஐ.நா. அவைக்கு அளிக்கப்பட்ட பட்டியல் அது. குழு வற்புறுத்திக் கேட்டவை, கையெழுத்துத் தாள்களுடன் வந்த கடிதங்கள். பிறரை அணுகிக் கையெழுத்துத் திரட்டியவர் யார் என்பதை அவையே காட்டும். கையெழுத்திட்டவர் தம் கருத்தைப் பொதுவில் வைத்தவர். கடிதம் எழுதியவரோ பாலிங் ஒருவரை மட்டும் நம்பி எழுதியவர். இவ்வேறுபாட்டின் மீதே பாலிங் நின்றார். தம்மைக் குறித்த வினாக்களுக்கு விடையளித்த அவர், உதவியவர்களின் பெயர்களைத் தரமறுத்தார். இலட்சிய வேட்கை கொண்ட இளைஞர்கள் தம்பொருட்டு இன்னலுக்கு ஆளாவதைத் தம் மனச்சான்று ஏற்காது என்பது அவர் முன்வைத்த காரணம்.

இந்நிலைப்பாடு புதிதன்று. 1950இல் கலிஃபோர்னியா மாநிலச் செனட் குழுவின் முன், தாம் பொதுவுடைமைக் கட்சியினரா என்ற வினாவிற்குக் கட்டாயத்தின் பேரில் விடைகூற மறுத்தார். பின்னர்த் தாம் அக்கட்சியினர் அல்லர் என்று தாமாகவே எழுத்தில் உறுதியளித்தார். தாமே தருவதும் பறித்துக்கொள்ளப்படுவதும் ஒன்றல்ல என்ற தெளிவு பத்தாண்டுகளாக மாறவில்லை.

கடிதங்களுடன் மீண்டும் வருமாறு குழு ஆணையிட்டது. நீதிமன்றத்தை நாடியும் பாலிங்குக்குப் பயன் கிட்டவில்லை. 1960 அக்டோபர் 11 அன்று மீண்டும் குழுவின் முன் நின்றவர், மீண்டும் மறுத்தார். அவமதிப்புக் குற்றத்திற்குச் சிறைத்தண்டனை விதிக்கப்படலாம் என்ற நிலையிலேயே அம்மறுப்பு நிகழ்ந்தது. இதற்குள் நாட்டின் செய்தித்தாள்கள் பலவும் குழுவைக் குறைகூறத் தொடங்கியிருந்தன. அவமதிப்பு நடவடிக்கை எடுக்கப்படவே இல்லை.

விசாரணைக்குப் பின்

1961இல் சோவியத் ஒன்றியம் சோதனைகளை மீண்டும் தொடங்கியபோது குருச்சேவுக்கும், 1962இல் அமெரிக்கா தொடங்கவிருந்தபோது கென்னடிக்கும் பாலிங் கண்டனம் அனுப்பினார். ஒருசார்பாளர் என்ற குற்றச்சாட்டுக்கு இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பதே தக்க மறுமொழியாகும்.

பகுதியளவு சோதனைத் தடை உடன்படிக்கை 1963 அக்டோபர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றே 1962ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு பாலிங்குக்கு அறிவிக்கப்பட்டது. கலிஃபோர்னியக் கடற்கரையில் தொலைபேசி இல்லாத தம் பண்ணை வீட்டில் இருந்த அவருக்கு, வனக்காவல் நிலையத்திலிருந்து ஆள்வந்து அழைத்த பிறகே செய்தி தெரிந்தது. சில நாட்களில், 1922இல் ஆய்வு மாணவராகச் சேர்ந்த தொழில்நுட்பக் கழகத்தை விட்டு விலகுவதாக அவர் அறிவித்தார்.