மலேரியாவை வெல்லும் இரு தாவரங்கள்

மலேரியாச் சுரம் இலங்கைக் கமக்காரருக்குப் புதிய பகையன்று. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் பரவிய கொள்ளைநோயில் சுமார் 80,000 மக்கள் மாண்டனர். அக்காலத்தில் நோயாளருக்கு வழங்கப்பட்ட முக்கிய மருந்து கொயினாவாகும்.

கொயினா, தென்னமெரிக்க மலைகளுக்குரிய சிங்கோனா மரத்தின் பட்டையிலுள்ள மருந்துப் பொருளாகும். 1820 இல் பிரான்சிய அறிஞர் இருவர் இதனைத் தனியே பிரித்தெடுத்தனர். இலங்கையில் 1861 இல் ஹக்கலைத் தோட்டம் இம்மரத்தை வளர்ப்பதற்காகவே நிறுவப்பட்டது. கோப்பிப் பயிரை இலைநோய் அழித்தபோது, தோட்டக்காரர் பலர் சிங்கோனாவை நாட்டினர். பட்டை சந்தையில் மிகுந்து விலை வீழ்ந்ததும் தேயிலை அதன் இடத்தைப் பெற்றது.

மற்றைய தாவரம் சீனாவின் ஆர்த்திமீசியா அனுவா என்னும் பூண்டு. இப்பூண்டை நீரில் ஊறவைத்துப் பிழிந்து அருந்துமாறு நான்காம் நூற்றாண்டுச் சீன மருத்துவ நூலொன்று கூறிற்று. காய்ச்சுமாறு அந்நூல் கூறாமையைக் கவனித்த தூ யூயூ என்னும் பெண்மணி, வெப்பம் மருந்தைக் கெடுக்கக்கூடுமெனக் கருதி, 1971 இல் தாழ்ந்த வெப்பநிலையில் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1972 இல் ஆர்த்திமிசினின் பிரித்தெடுக்கப்பட்டது. 2015 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மலேரியாக் கிருமி செங்குருதிக் கலத்துட் புகுந்து ஈமோகுளோபினை உண்ணும். அப்போது வெளிப்படும் ஈம் என்னும் பொருள் கிருமிக்கே நஞ்சாகும். கிருமி அதனைத் தீங்கற்ற மணிகளாக மாற்றித் தப்பும். அம்மாற்றத்தைக் கொயினா தடுக்கின்றது. ஆர்த்திமிசினினோ ஈமிலுள்ள இரும்புடன் தாக்கமுற்றுக் கிருமியின் புரதங்களைச் சிதைக்கின்றது.

எனினும், இவற்றின் இலையையோ பட்டையையோ வீட்டிற் குடிநீராக்கி அருந்துதல் தகாது. மருந்தின் அளவு செடிக்குச் செடி வேறுபடும். அளவு குறைந்தால் கிருமி முற்றாக அழியாது. எஞ்சிய கிருமி மருந்தை எதிர்க்கும் வலிமை பெறவுங்கூடும். கொயினா அளவு மிஞ்சினால் காதும் கண்ணும் பழுதுறலாம். ஆர்த்திமீசியா அனுவாவின் குலத்தைச் சேர்ந்த மாசிபத்திரியை அதற்கு ஈடாகக் கொள்ளலும் ஆகாது.

2016 இல் இலங்கை மலேரியாவற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆயினும் வெளிநாடுகளிலிருந்து திரும்புவோருடன் நோய் வந்துகொண்டேயிருக்கின்றது. அதைப் பரப்பும் நுளம்புகளும் இங்குள்ளன. 2016 இல் மன்னாரிற் கண்டறியப்பட்ட அனோபிலிசு தீபென்சி என்னும் நுளம்பு, கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகும் இயல்புடையது. ஆகையால் கமக்காரர் நீர்த்தொட்டிகளை நன்கு மூடிவைத்தல் வேண்டும்; பயன்படாத கிணறுகளையும் குழிகளையும் கவனியாது விடலாகாது. மலேரியா உள்ள நாட்டுக்குச் சென்று மீண்டவருக்குச் சுரம் கண்டால், தாமதியாது அரசினர் வைத்தியசாலையை அடைந்து, பயணத்தைக் கூறி, இரத்தத்தைச் சோதிப்பித்தல் வேண்டும்.