பச்சை மை எட்டாத கையெழுத்து

துணிப்பையிலிருந்து அந்த ஓய்வுபெற்ற அரசு ஊழியர் முதலில் எடுத்தது சீனியாரிட்டி பட்டியலின் ஜெராக்ஸ். மடித்து மடித்து நடுவில் கிழிந்துபோய், செல்லோடேப் ஒட்டியிருந்தது. தன் பெயருக்குக் கீழே இருந்த மூன்று பெயர்களை விரலால் தொட்டுக் காட்டினார்.

‘‘மூணு பேருமே எனக்கு ஜூனியர் சார். மூணு பேரும் அதிகாரியாகி பச்சை மையில கையெழுத்துப் போட்டாச்சு. நான் கண்காணிப்பாளராவே வெளிய வந்துட்டேன்.’’

தடுத்தது ஒரு 17(பி) குற்றச்சாட்டு மெமோ. பதவி உயர்வுப் பேனல் தயாராகும் நேரம் பார்த்து வந்தது. குற்றச்சாட்டோ ஏழு வருஷத்துக்கு முந்தைய கோப்பு பற்றியது. ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று உத்தரவு வந்தபோது, அவர் ஓய்வு பெற்று தற்காலிக பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார்.

குற்றச்சாட்டு இருப்பவரை எப்படி உயர்த்துவது என்று நிர்வாகத் தரப்பில் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். 1991-ல் ஜானகிராமன் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதற்கு வழி சொல்லிவிட்டது: பதவி உயர்வு முடிவை மூடிய உறையிலிட்டு வை, முழுமையாக விடுபட்டால் உரிய தேதியிலிருந்து உயர்வு கொடு, வேலை பார்க்கத் தயாராக இருந்தவரிடம் ‘வேலை பார்க்கவில்லை, சம்பளம் இல்லை’ என்று சொல்லாதே.

மெமோவைவிட எனக்குப் பயம் காலண்டர்மேல்தான். மேற்கு வங்கத்தில் ஓர் அறிவியல் அதிகாரி. தேர்வாணையம் அவரைப் பதவி உயர்வுக்குப் பரிந்துரைத்தது 2016 டிசம்பர் 29. ஓய்வு டிசம்பர் 31. இறுதி ஒப்புதல் வந்தது ஜனவரி 4. தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் பணப்பலன் கொடுக்கச் சொல்லின. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பரிசீலிக்கப்படுவது உரிமை, ஆனால் உயர்பதவியில் பொறுப்பேற்காதவருக்கு அதன் பலன் இல்லை. நாலே நாள்!

கோப்பைத் தள்ளிப்போட நினைப்பவர் இனி எந்த விதியையும் மீற வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் என்றால், 60 வயது முடியும் மாதக் கடைசிவரை மேசையில் வைத்திருந்தால் போதும். (58 ஆக இருந்த ஓய்வு வயது 2020-ல் 59, 2021-ல் 60 என ஏறியபோது மேலே காலியிடம் விழாமல் கீழே காத்திருந்தவர்களின் கதை தனி.)

நம் கண்காணிப்பாளர் போட்ட ரிட்டில், பதவி உயர்வு கேட்டு அவர் கொடுத்திருந்த மனுவை 12 வாரத்துக்குள் பரிசீலிக்க உத்தரவு கிடைத்தது. பரிசீலித்தார்கள், ஒரு பக்கத்தில் நிராகரித்தார்கள். அதை எதிர்த்து இரண்டாவது ரிட். அது இன்னும் விசாரணைப் பட்டியலில் ஏறவில்லை.

சர்வீஸில் இருப்பவர்களுக்கு அவர் சொல்லச் சொன்னது இது: ‘‘ஜூனியருக்கு ஆர்டர் வந்த அன்னிக்கே மனு எழுதுங்க. தபால் செக்‌ஷன்ல குடுத்து, நகல்ல சீலும் தேதியும் வாங்கிக்குங்க.’’