ஈட்டி எறிந்த கைகள்

ஆனேக்கல் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் காலி மனை எங்கு இருப்பினும் அங்கே மூன்று குச்சிகள் ஊன்றப்பட்டிருக்கும். சந்தாபுராவானாலும் அத்திப்பள்ளியானாலும் ஆட்டம் ஒன்றே, அது கிரிக்கெட். பேஸ்பாலைத் திரையில் கண்டோர் உண்டு, ஆடியோர் அரிது. நாடு முழுவதும் ஏறக்குறைய இதே நிலைதான். அத்தகைய நாட்டினின்று அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலுக்குள் நுழைந்த இருவரின் வரலாற்றை இம்முறை வாடிக்கையாளர்களுக்கு வழங்குகிறோம்.

ரிங்கு சிங், கம்பள நெசவுக்குப் பெயர்பெற்ற உத்தரப் பிரதேசத்தின் பதோகி மாவட்டத்தவர். தந்தை லாரி ஓட்டுநர். தினேஷ் பட்டேல் வாரணாசியை அடுத்த சிற்றூரைச் சேர்ந்தவர். இருவரும் லக்னோவின் விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிதல் பயின்றவர்கள். 2008ஆம் ஆண்டு, அமெரிக்க விளையாட்டு முகவர் ஜே. பி. பெர்ன்ஸ்டீன் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்னும் தொலைக்காட்சிப் போட்டியை இந்தியாவில் நடத்தினார். கிரிக்கெட் பித்துக் கொண்ட இந்நாட்டில் விரைவாகவும் குறி தவறாமலும் எறியும் கை ஒன்றேனும் கிடைக்காதா என்பது அவர் கணக்கு. பல்லாயிரவர் எறிந்து பார்த்தனர். வென்றவரோ கிரிக்கெட் வீரர் அல்லர், மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த ரிங்கு. பரிசு ஒரு லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 40 லட்சம் ரூபாய். போட்டியின் பெயரில் இருந்த பத்து லட்சம் டாலர் எவருக்கும் கிட்டவில்லை!

கிரிக்கெட் வீரர்கள் தோற்றதில் வியப்பில்லை. பந்துவீச்சாளர் முழங்கையை 15 பாகைக்கு மேல் நீட்டலாகாது என்பது கிரிக்கெட் விதி. பேஸ்பாலிலோ மடங்கிய முழங்கையைச் சொடுக்கி நீட்டுவதே எறிதலின் உயிர். 800 கிராம் ஈட்டியைத் தோளுக்கு மேலாக எறிந்து பழகிய உடலுக்கு, 150 கிராமுக்கும் குறைவான அப்பந்து பாரமாக இருந்திருக்க முடியாது.

ஆயினும் வேகம் வேறு, ஆட்டம் வேறு. ஜப்பானுக்கு 1870களிலேயே ஓர் அமெரிக்க ஆசிரியர் வழியே பேஸ்பால் சென்றது. 1936இல் தொழில்முறைப் போட்டிகள் தொடங்கின. 1964இல் மசானோரி முரகாமி அமெரிக்கப் பெருங்கழகத்தில் ஆடிய முதல் ஜப்பானியரானார். அங்கே சிறுவர்கள் பள்ளிப் பருவத்திலேயே ஆட்டத்தைக் கற்றுவிடுகின்றனர். நம்மவர் இருவரும் பேஸ்பால் கையுறையை முதன்முதலாக அணிந்தபோது அவர்களுக்கு வயது பத்தொன்பதை ஒட்டியிருந்தது.

தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயிற்றுநர் டாம் ஹவுஸ் அவர்களை உருவாக்கினார். ஆங்கிலமும் அங்கேயே கற்றனர். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2009 ஜூலை 4 அன்று ரிங்கு களமிறங்கி, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஆடிய முதல் இந்தியக் குடிமகனானார்.

ஒப்பந்தம் என்றவுடன் பெருஞ்செல்வத்தை எண்ணிவிட வேண்டா. அவர்கள் சேர்ந்தது கீழ்நிலைக் கழகங்களின் அடிப்படியில். பல படிகளைக் கடந்தே பெருங்கழகத்தை எட்ட இயலும், பெரும்பாலோர் எட்டுவதில்லை. ஆட்டப் பருவம் நடக்கும் மாதங்களுக்கு மட்டுமே அங்கு அப்போது ஊதியம். பெருங்கழக வீரர் ஈட்டும் கோடிகளை மட்டும் கண்டு பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர் கேட்டறிய வேண்டிய செய்தி இதுவென்றே கருதுகிறோம். 2010 டிசம்பரில் கழகம் தினேஷை விடுவித்தது; அவர் தாயகம் திரும்பினார்.

ரிங்கு நின்றார். 2012இல் மேற்கு வர்ஜீனியா அணிக்காக 39 ஆட்டங்களில் எறிந்தார். அவர் வாழ்வில் மிகச் சிறந்த பருவம் அதுவே. அதன்பின் முழங்கை முறையிட்டது. 2013இல் அவருக்குச் செய்யப்பட்டது டாமி ஜான் அறுவை. 1974இல் பிராங்க் ஜோப் என்னும் மருத்துவர், டாமி ஜான் என்ற வீரரின் கிழிந்த முழங்கைத் தசைநாருக்கு மாற்றாக மறுகையின் தசைநாணை எடுத்துப் பொருத்தினார். அதுவரை அத்தகைய காயம் வீரரின் பணி ஓய்வுக்கு ஒப்பானது. டாமி ஜானோ 1976இல் மீண்டு, 1989 வரை ஆடி, தம் 288 வெற்றிகளுள் 164ஐ அறுவைக்குப் பின்னரே பெற்றார்.

ரிங்குவுக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. காயங்கள் தொடர்ந்தன; பெருங்கழகப் படி எட்டாமலே நின்றது. இதற்கிடையே, 2014இல், டிஸ்னி நிறுவனம் அவ்விருவர் கதையைத் திரைப்படமாக்கியது. இசை நம் ஏ. ஆர். ரஹ்மான். ஒப்பந்தம் கிடைக்கும் மகிழ்ச்சியோடு முடிவதே திரைக்கதைக்கு வசதி. அதற்கடுத்த ஆண்டுகளே எங்களுக்குக் கூடுதலாகச் சுவைக்கின்றன.

2018 ஜனவரியில் ரிங்கு அமெரிக்க மல்யுத்தக் காட்சி நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ.யில் சேர்ந்தார். நெற்றியில் முப்பட்டையும் கழுத்தில் உருத்திராக்கமுமாக, ‘வீர் மகான்’ என்ற பெயரில் அவர் மேடையேறியபோது, அரங்கில் இருந்த இளையோர் பலருக்கு இக்கை ஒருகாலத்தில் பந்தெறிந்த கை என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.