சிறப்புக் கல்வியில் முதுநிலைப் பட்டம்: இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து யார் படிக்க முடிகிறது?

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புக் கல்வி ஆசிரியர் பணியிடங்களை மாநிலங்கள் உருவாக்கி, அறிவிக்கை வெளியிட்டு, நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 7 அன்று காலக்கெடுவுடன் ஆணையிட்டது. ரஜனீஷ் குமார் பாண்டே தொடுத்த இவ்வழக்கில் 2021 அக்டோபரிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்னும் விகிதத்தை ஒன்றிய அரசு 2022இல் அறிவித்தும் விட்டது. விகிதம் வந்தது, பணியிடங்கள் வரவில்லை. நீதிமன்றம் மீண்டும் பேச நேர்ந்தது அதனால்தான்.

இப்பணியிடங்கள் உண்மையிலேயே நிரப்பப்படுமானால் அவற்றில் அமரப்போவோர் யார், அவர்களுக்குப் பயிற்சியளிக்கும் பேராசிரியர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பவை தலித் இயக்கங்கள் இன்றே கேட்கவேண்டிய கேள்விகள். நிதி ஆயோக் 2018இல் முன்னேற விழையும் மாவட்டங்களைத் தேர்ந்தபோது தமிழ்நாட்டிலிருந்து சேர்த்த இரண்டில் ஒன்று இராமநாதபுரம். அங்கிருந்து பார்த்தால் இக்கேள்விகளின் கூர்மை தெரியும்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் வழக்கில் ‘சிறப்பாசிரியர்’ என்றால் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி கற்பிப்பவர். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிப்பவரோ ‘சிறப்புப் பயிற்றுநர்’; வட்டார வள மையத்திலிருந்து பள்ளிதோறும் சுற்றிவரும் ஒப்பந்தப் பணியாளர். ஆசிரியர் என்னும் பெயர்கூட அவருக்குக் கொடுக்கப்படவில்லை என்பதை நாம் தற்செயலாகக் கருதவில்லை.

இவர்களுக்கு வழிவகுக்கும் சட்டம் 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம். அதன் 13ஆம் பிரிவுப்படி, குழுமத்தின் மையப் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர் சிறப்புக் கல்வி ஆசிரியராகத் தொழில் செய்ய முடியாது. மீறினால் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. ஆகவே சிறப்புக் கல்வியில் பட்டயம், பி.எட்., எம்.எட். ஆகிய எல்லாமே இக்குழுமத்தின் ஏற்பைப் பெற்றிருக்க வேண்டும். பொதுவான எம்.எட். படிப்பை ஒழுங்குபடுத்துவது வேறொரு அமைப்பான தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். அந்தப் பொது எம்.எட். படிப்பில் உள்ளடக்கிய கல்வியை ஒரு தாளாகப் படிப்பவர், அதனாலேயே சிறப்புக் கல்வி ஆசிரியராகிவிட முடியாது. பணம் கட்டிச் சேர்ந்தபின் இந்த வேறுபாட்டை அறிவது பெரும் இழப்பு. எனவே மாணவர்கள் இதை முன்னதாகவே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

சிறப்புக் கல்வி எம்.எட். ஈராண்டுப் படிப்பு. குழந்தையின் தேவையை மதிப்பிடுதல், பாடத்திட்டத்தை அத்தேவைக்கேற்ப மாற்றியமைத்தல், ஆய்வு முறையியல், ஆசிரியர் கல்வி, களப்பயிற்சி, ஆய்வேடு ஆகியவை அதன் உள்ளடக்கம். சிறப்புக் கல்வி பி.எட். கல்லூரியில் கற்பிக்கும் தகுதியைத் தருவது இப்பட்டமே. மதிப்பீட்டுக் கருவிகளை வடிவமைக்கும் குழுக்களும் பாடத்திட்டம் எழுதும் குழுக்களும் இவ்வடுக்கிலிருந்தே ஆள் எடுக்கின்றன. வகுப்பறையில் பல ஆண்டுகள் நின்றவர் இப்படிப்புக்குள் வந்தால் தன் பள்ளியையே ஆய்வுக்களமாக்க முடியும். அவர் அறிந்த குழந்தைகளே ஆய்வேட்டின் கேள்விகளாவார்கள்.

ஆனால் வாசலில் ஒரு பூட்டு இருக்கிறது. இப்படிப்பில் சேரச் சிறப்புக் கல்வியில் பி.எட். வேண்டும், அல்லது பொது பி.எட். பட்டத்துடன் குழுமம் ஏற்ற சிறப்புக் கல்விப் பட்டயம் வேண்டும். பதினைந்து ஆண்டுகள் பல்வகைக் குழந்தைகளுக்குக் கற்பித்த முதுகுளத்தூர் ஆசிரியரின் அனுபவம் மட்டும் இங்கே செல்லாது. அவர் முதலில் கீழ்ப்படியை ஏற வேண்டும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலை வழியில் நடத்தும் சிறப்புக் கல்வி பி.எட். அதற்கொரு வழி. அதை முடித்தபின் மேலும் ஈராண்டு. தரம் காக்க முன்தகுதி தேவை என்னும் வாதத்தை நாம் மறுக்கவில்லை. பிரெய்ல் தெரியாதவர் பார்வையற்ற குழந்தைக்குக் கற்பிக்க முடியாது. சைகைமொழிக்கும் அது பொருந்தும். பணியில் இருந்துகொண்டே அந்தத் திறன்களைப் பெறுவதற்கான பாலம்தான் இங்கு போதவில்லை.

தொலைவு அடுத்த பூட்டு. இத்துறையில் நெடுங்காலமாக முதுநிலைக் கல்வி தரும் அவினாசிலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும், பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள இராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா பல்கலைக்கழகத்தின் சிறப்புக் கல்விப் புலமும் கோவைப் பகுதியில் இருக்கின்றன. இராமேசுவரத்திலிருந்து கோவை ஏறத்தாழ 390 கிலோமீட்டர். ஒன்றிய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில், அதாவது சென்னைக்கு அருகே, இயங்குகிறது. கைக்கெட்டும் தொலைவில் இருப்பது காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம். அங்கே சிறப்புக் கல்வி, மறுவாழ்வு அறிவியல் துறை உண்டு. ஆயினும் தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ வேலை பார்ப்பவர் மாலையில் போய்த் திரும்பும் தூரத்தில் அதுவும் இல்லை. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றபின், 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை, தீவிலிருந்து வெளியே செல்லச் சாலை ஒன்றே வழி.

பணக்கணக்கு இன்னும் நுட்பமானது. பட்டியல் சாதி மாணவர்க்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். பன்னிரண்டு மாதத்துக்கு 2,47,200. அகவிலைப்படி சேர்ந்த மறுகணமே வரம்பு தாண்டிவிடுகிறது. வேலையில் சேர்ந்த முதல் நாளே அவர் ‘வசதியானவர்’ ஆகிவிடுகிறார். அந்தச் சம்பளத்தில் தம்பியின் படிப்பும், உப்பளத்திலோ கரிமூட்டத்திலோ உழைத்து ஓய்ந்த பெற்றோரின் மருந்துச் செலவும் அடங்கியிருப்பதை எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை. ஊதியமில்லா விடுப்பில் இரண்டாண்டு கோவையில் தங்கிப் படிக்க அவரால் இயலுமா?

முன்பு வேறொரு தூண்டுகோல் இருந்தது. கூடுதல் பட்டம் பெற்ற அரசு ஆசிரியர்களுக்கு வழங்கிவந்த ஊக்க ஊதிய உயர்வைத் தமிழ்நாடு அரசு 2020 மார்ச்சில் நிறுத்தியது. ஓய்வு பெறும்வரை மாதந்தோறும் வந்த பலனுக்கு மாற்றாகப் பின்னர் ஒருமுறை தரும் தொகைதான் வந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் பலர் எம்.எட். படித்ததே அவ்வூதிய உயர்வை நம்பித்தான். அது அறிவுத்தாகம் அன்று என்று ஏளனம் செய்வோர், எந்தத் தாகமும் வயிற்றைத் தாண்டித்தான் வரவேண்டும் என்பதை மறந்து பேசுகிறார்கள்.

இவ்வடுக்கில் தலித் ஆசிரியர் இல்லாமற் போனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே அது 2.45 விழுக்காடு. 5 முதல் 19 வயதுக்குட்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகளில் 27 விழுக்காட்டினர் பள்ளி வாசலையே மிதித்ததில்லை. கணக்கில் வந்தவர்களின் நிலை இது. கணக்கிலேயே வராதவர்கள் பெரும்பாலும் நம் பள்ளிகளில் ‘மெல்லக் கற்போர்’ என்னும் பெயரில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு. ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு வகை அதில் இல்லை. அப்பெயர் குழந்தைக்கு எந்த உரிமையையும் தருவதில்லை. ஆசிரியருக்கு மட்டும் கைகழுவ ஒரு காரணத்தைத் தருகிறது.

பிழை இரு திசையிலும் நடக்கும். எழுத்துகள் இடம் மாறித் தெரியும் சேரிப் பிள்ளையை ‘வீட்டில் படிப்பு வாசனை இல்லை’ என்று விட்டுவிடுவார்கள். உண்மையான கற்றல் குறைபாடு அங்கே மறைந்துபோகும். எந்தக் குறையும் இல்லாத, வீட்டுப் பேச்சை வகுப்பில் பேசும் பிள்ளையை ‘மந்தம்’ என்று முத்திரை குத்துவதும் நடக்கும். மதிப்பீட்டுக் கேள்விகள் எந்த வீட்டுப் பொருள்களைக் கொண்டு அமைகின்றன என்பதில் சாதியும் வர்க்கமும் உட்கார்ந்திருக்கின்றன. வாடைக்கும் கச்சானுக்கும் வேறுபாடு அறிந்து, எந்தக் காற்றில் வலை எடுக்கக் கூடாது என்று சொல்லும் மண்டபத்துச் சிறுவனின் அறிவை அளக்கச் சோபாவும் குளிர்பதனப் பெட்டியும் வரைந்த அட்டைகள் உதவா. அட்டையை மாற்றும் அதிகாரம் முதுநிலைப் படிப்பு கடந்தவர்களிடம்தான் இருக்கிறது.

உள்ளடக்கிய கல்வியின் மையக் கருத்து ஒன்று தலித் சிந்தனைக்கு அந்நியமானதன்று. குறை குழந்தையின் உடலில் மட்டும் இல்லை, அவளை உள்ளே விடாத படிக்கட்டிலும் பாடநூலிலும் இருக்கிறது என்று இத்துறையினர் சொல்கிறார்கள். இதற்குச் சமூக மாதிரி என்று பெயர். ஊர் சேரியைத் தள்ளி வைத்ததில் சேரியின் குறை என்ன என்று நூறாண்டாகக் கேட்டுவருபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாதியும் ஊனமும் ஒன்றென நாம் சொல்லவில்லை. விலக்குவதன் இயக்கத்தை ஓரிடத்தில் பட்டறிந்தவர் மற்றோரிடத்தில் அதை விரைவில் இனங்காண்பார் என்பதே நாம் கூறுவது. அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் இராமேசுவரத் தொடக்கப்பள்ளி நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். ஐந்தாம் வகுப்பில், புதிதாக வந்த ஆசிரியர் இசுலாமியச் சிறுவனான அவரை அர்ச்சகர் மகனின் அருகிலிருந்து எழுப்பிக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அந்த அர்ச்சகரே ஆசிரியரை அழைத்துக் கண்டித்ததால் அது திருந்தியது. கண்டிக்க ஆளில்லாத பிள்ளைகள் கடைசி வரிசையிலேயே இருந்தார்கள்.

இக்கடற்கரைக்கு இன்னொரு நினைவும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். மனநோயும் அறிவுசார் குறைபாடும் வெவ்வேறு. சட்டமும் அவற்றைத் தனித்தனியே வரையறுக்கிறது. அந்த வேறுபாட்டை ஒரு தாய்க்குத் தக்க வயதில் எடுத்துச் சொல்ல அருகில் ஒருவர் இருந்தால், பிள்ளையை எங்கே அழைத்துப் போவது என்பதே மாறிவிடும். மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமின் பிள்ளைகளுக்கும் அப்படியொருவர் தேவை.

இங்கிலாந்தில் 2009 முதல், சிறப்புத் தேவைகளுக்கான ஒருங்கிணைப்பாளராகப் புதிதாகப் பொறுப்பேற்பவர் தகுதி பெற்ற ஆசிரியராக இருப்பதுடன், மூன்றாண்டுக்குள் முதுநிலைத் தரத்தில் ஒரு படிப்பை முடிக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். 2024இல் அப்படிப்பின் வடிவம் மாறியது. பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் படிக்கச் சொல்லும் வரிசை மாறவில்லை. நம் நாட்டில் வரிசை தலைகீழ். சொந்தச் செலவில் படித்துப் பதிவு பெற்றபின் ஒப்பந்த வேலைக்குக் காத்திருக்க வேண்டும். அந்த வேலையும் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் நிதியைச் சார்ந்தது. 2024–25இல் தமிழ்நாட்டுக்குரிய ஏறத்தாழ 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தபோது, இரு அரசுகளின் சண்டையில் அடிபட்டவர்களுள் இப்பயிற்றுநர்களும் இருந்தார்கள்.

நாங்குநேரித் தாக்குதலுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் பி.எட்., தொடக்கக் கல்விப் பட்டயம் ஆகியவற்றின் பாடத்திட்டம் உள்ளடக்கும் நோக்கில் திருத்தப்பட வேண்டும் என்றது. அப்பாடங்களைக் கற்பிப்போர் உருவாகும் எம்.எட். படிப்புக்கும் அக்கோரிக்கையை நாம் நீட்டிக்க வேண்டும்.

உடனடிப் பணி ஒன்று இருக்கிறது. நீண்டகாலம் ஒப்பந்தத்தில் இருப்போரை ஆய்வுக் குழு அமைத்துப் பரிசீலிக்கவும், தகுதியானவர்களுக்கு அப்பணிக்குரிய ஊதிய விகிதம் தரவும் உச்ச நீதிமன்றத்தின் 2025 ஆணை வழி செய்துள்ளது. அவர்கள் உழைப்புக்கு அது நியாயம். ஆனால் இத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் பயிற்றுநர்கள் தன்னார்வ நிறுவனங்கள் வழியே அமர்த்தப்பட்டார்கள். அவ்வாறு வந்த இடங்கள் நிரந்தரமாகும்போது பட்டியல் சாதியினர்க்குரிய 18 விழுக்காடும், அதற்குள் அருந்ததியர்க்குரிய 3 விழுக்காடும், பழங்குடியினர்க்குரிய 1 விழுக்காடும் எப்படிக் கணக்கிடப்படும்? இராமநாதபுரம் மாவட்டத்தில் வட்டாரவாரியாக எத்தனை சிறப்புக் கல்விப் பணியிடங்கள் அனுமதிக்கப்பட்டன, அவற்றில் இனச்சுழற்சி எந்தப் புள்ளியிலிருந்து தொடங்குகிறது, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அக்கணக்கில் சேர்ந்துள்ளனவா, பணியிலுள்ள ஆசிரியர் சிறப்புக் கல்வி பயில ஊதியத்துடன் விடுப்பு உண்டா, மஞ்சூர் மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனத்தில் சிறப்புக் கல்வி முதுநிலைத் தகுதி பெற்றோர் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பள்ளிக்கல்வித் துறையைக் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். பதிலுக்கு முப்பது நாள்.