எட்னா மலையின் மது

சிசிலித் தீவின் எட்னா எரிமலை 1928 இல் கக்கிய தீக்குழம்பு, மஸ்காலி என்னும் ஊரை ஏறக்குறைய முழுவதும் மூடிற்று. ஊர் பின்னர் வேறிடத்தில் எழுந்தது. ஆயினும் அதன் பெயரைத் தாங்கிய நெரெல்லோ மஸ்காலேசே என்னும் கொடிமுந்திரிகையே இம்மலையின் செம்மதுவுக்கு இன்றும் ஆதாரம்.

அழிக்கும் மலையே காக்கவும் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிலொக்செரா என்னும் நுண்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களின் வேர்களைத் தின்று பாழாக்கியது. மணற்பாங்கான எரிமலை மண்ணில் அப்பூச்சியால் எளிதிற் பரவ இயலவில்லை. ஆதலின், நூறாண்டு கடந்த முதுகொடிகள் சில ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன. மதுவின் நிறம் மெலிது. அதனை வலுக்குறைவென்று கொள்ளுதல் தவறு. மலைக்குளிரில் பழம் மெல்லக் கனிவதால் புளிப்பும் நறுமணமும் குன்றுவதில்லை. தாழ்நிலத்து அறுவடை முடிந்தபின், பெரும்பாலும் ஒக்டோபரிலேயே இங்கு குலைகள் கொய்யப்படுகின்றன.